ஓஎஸ் மாத்தப் போயி டி டிரைவே போச்சு: மீட்ட கதையும், அதுக்கப்புறம் நாலு வருஷ பேக்கப் அனுபவமும்

2021 டிசம்பர்ல நடந்தது இது. மும்பை செம்பூர்ல எங்க வீட்டு லேப்டாப், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் ரொம்ப மந்தமாயிடுச்சுன்னு விண்டோஸுக்கு பதிலா உபுண்டு 20.04ங்கற லினக்ஸ் ஓஎஸ் போடலாம்னு உக்காந்தேன். முக்கியமான ஃபைல் எல்லாத்தையும் சி டிரைவ்ல இருந்து டி டிரைவுக்கு மாத்திட்டேன், அதுதான் பேக்கப்னு அப்ப நம்புனேன். இன்ஸ்டாலர்ல டிஸ்க்கை அழிச்சிட்டு போடுங்கற ஆப்ஷனை டிக் அடிச்சேன், அவ்வளவுதான், சி, டி ரெண்டும் ஒரே டிஸ்க்ல பிரிச்ச பார்ட்டிஷன், ரெண்டும் சேந்து போயிடுச்சு.

அந்த டி-ல எங்க ஆச்சி பேசுன ரெக்கார்டிங் இருந்துச்சு. திருநெல்வேலி பக்கம் ஊருக்கு போறப்பல்லாம் ஃபோன்ல பதிஞ்சு வச்சது, கதை, சொலவடை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம். ஆச்சி 2019ல தவறிட்டாங்க. அதனால இத திரும்ப பதியறதுங்கற பேச்சே இல்ல.

உபுண்டு ஓபன் ஆகி டி-ய தேடுனப்பதான் எனக்கு விஷயமே உறைச்சுது, உடனே ஆஃப் பண்ணிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஃபார்மட் அடிச்சா பழைய டேட்டா அந்த நிமிஷமே அழியறதில்ல, எது எங்க இருக்குங்கற கணக்குதான் போகுது, ஆனா உபுண்டுவோட ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை) ஈஎக்ஸ்டி4 தன்னோட இன்டெக்ஸுக்குன்னு சாதாரணமா 2 ஜிபிக்கு 32 எம்பி கணக்குல டிஸ்க் முழுக்க இடம் பிடிச்சு வைக்கும், அந்த இடத்தை எல்லாம் இன்ஸ்டால் முடிஞ்சப்புறமும் பின்னணியில பூஜ்யமா எழுதிக்கிட்டே போகும். நாம சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாலும் டேட்டா கரைஞ்சுக்கிட்டுதான் இருக்கும். அதனால டேட்டா போச்சுன்னு தெரிஞ்சா மொதல்ல பவரை கட் பண்ணுங்க, அந்த மெஷின்லயே ரெகவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணி போடவே போடாதீங்க.

மறுநாள் கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி லாமிங்டன் ரோட்டுல ஒரு 2 டிபி எக்ஸ்டர்னலும் சாட்டா கேபிளும் வாங்குனேன். டிஸ்க்கை கழட்டி ஃப்ரெண்டு லேப்டாப்ல மாட்டி, மொதல்ல டிடிரெஸ்க்யூங்கற காப்பி எடுக்குற சாஃப்ட்வேர் வச்சு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜா, அதாவது அச்சு அசல் காப்பியா எடுத்தேன், ராத்திரி போட்டது காலையிலதான் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரிஜினல் டிஸ்க்கை தொடவே இல்ல, எல்லா சோதனையும் காப்பி மேலதான். பொறுமை இல்லாம நேரா ஒரிஜினல்லயே கை வைக்கிறவங்கதான் அதிகம், தயவுசெஞ்சு அத செய்யாதீங்க.

அந்த காப்பில தொலைஞ்ச பார்ட்டிஷனை தேட டெஸ்ட்டிஸ்க்னு ஒரு சாஃப்ட்வேர் ஓட்டுனேன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. கறுப்பு ஸ்க்ரீன், மவுஸ் வேலை செய்யாது, மொதல்ல பாக்க பயமாத்தான் இருக்கும். குயிக் சர்ச்ல புது பார்ட்டிஷன் மட்டும் வந்துச்சு, டீப்பர் சர்ச் போட்டதும் பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட ஃபைல் சிஸ்டம்) டி பார்ட்டிஷன் வந்துச்சு, பி பட்டனை அழுத்துனா ஃபோல்டர் பேரெல்லாம் வரிசையா வருது. "ஆச்சி 2016"ன்னு அந்த ஸ்க்ரீன்ல பாத்தப்ப கை நடுங்கிடுச்சு. சி-ல இருந்த மிச்சம் மீதி மேலதான் உபுண்டு உக்காந்துருச்சு, டி டிஸ்க்கோட பின்பாதியில இருந்ததால தப்பிச்சுது. வந்ததுல பெரும்பாலானது நல்லா ஓப்பன் ஆச்சு, சிலது பேரு சரி, சைஸ் சரி, ஆனா உள்ள கெட்டுப்போயிருந்துச்சு, எல்லாம் மேல சொன்ன பூஜ்யம் எழுதுன வேலை.

விட்டுப்போனதுக்கு ஃபோட்டோரெக்னு இன்னொரு ரெகவரி சாஃப்ட்வேர் ஓட்டுனேன். இது ஃபைல் சிஸ்டத்தையே பாக்காது, ஜேபெக்னா இப்படி ஆரம்பிக்கும், ஆடியோனா இப்படி ஆரம்பிக்கும்னு அடையாளத்தை வச்சு தோண்டி எடுக்கும். அதனால பேரு வராது, ஃபோல்டர் வராது, வெறும் நம்பர் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல். பழைய பாட்டு, வாட்ஸ்அப் ஆடியோ எல்லாம் கலந்து கிடக்கும், ஒவ்வொண்ணா கேட்டுத்தான் பிரிக்கணும். ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி உக்காந்தேன். ஒரு நம்பர் ஃபைலை ஓப்பன் பண்ணா, "ஏலே, அந்த ஃபேன அமத்திட்டு வா, சொல்லுதேன்"னு ஆச்சி குரல்.

இன்னொண்ணு, இது தமிழ்ல ஃபைல் வச்சிருக்கிறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சொலவடைய எல்லாம் அப்பா வேர்டுல டைப் பண்ணி வச்சிருந்தாங்க, ரெகவர் ஆன ஃபைலை ஓப்பன் பண்ணா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கன்னாபின்னான்னு வருது. கரப்ட்னு நெனச்சு டெலீட் பண்ண போயிட்டேன். அப்பாதான் "அது பாமினில அடிச்சதுடா, ஃபான்ட் போட்டியா?"ன்னாங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் உருவத்தை வச்சது, ஓஎஸ் மாத்துனா ஃபான்டும் போயிடும், ஃபைல் நல்லாத்தான் இருக்கும். ஃபான்டை போட்டதும் தமிழ் வந்துடுச்சு, கையோட எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திட்டேன். ஃபார்மட்டுக்கு முன்னாடி ஃபான்ட் ஃபோல்டரையும் எடுத்து வைங்க.

இப்ப பேக்கப். 2022 ஆரம்பத்துல இருந்து ரெஸ்டிக்ங்கற பேக்கப் சாஃப்ட்வேர் யூஸ் பண்றேன், எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு கல்யாண்ல அக்கா வீட்டுல. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குர்லா மாறி ட்ரெயின்ல போயி ரெண்டையும் மாத்திட்டு வருவேன். ஒரே வீட்டுல ரெண்டு வச்சா என்னன்னு கேக்கலாம், நாங்க கிரவுண்ட் ஃப்ளோர், 2005 ஜூலை 26ல சாந்தாகுருஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை பெஞ்சப்ப ஊரே முங்குனதை பாத்தவங்க நாங்க.

ரெஸ்டிக் பத்தி சொல்லணும்னா, மாறுனதை மட்டும் எடுக்குது, பழைய தேதிக்கு திரும்பி போகலாம், முழுக்க பூட்டுனது, டிஸ்க் தொலைஞ்சாலும் பயமில்ல. குறை என்னன்னா கமாண்ட் அடிக்கணும், பாஸ்வேர்டு மறந்தா கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. எனக்கு ஒண்ணு ஆனா அக்காவால இத திறக்க முடியாதேன்னு யோசிச்சு, ஆச்சி ஃபோல்டரை மட்டும் ரெண்டு டிஸ்க்லயும் சாதா காப்பியா, பூட்டு இல்லாம வச்சிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வேற லேப்டாப்ல மாட்டி, ஏதாவது நாலு ஃபைலை ரீஸ்டோர் பண்ணி ஓட்டிப் பாக்குறேன், 2023ல அப்படி பாத்தப்பதான் டெஸ்க்டாப் ஃபோல்டர் பேக்கப் லிஸ்ட்லயே இல்லைன்னு கண்டுபிடிச்சேன். லினக்ஸ்ல டைம்ஷிஃப்ட்னு ஒரு பேக்கப் டூல் இருக்கேன்னு இருந்துடாதீங்க, அது சிஸ்டத்துக்குத்தான், நம்ம ஃபைல் இருக்குற ஹோம் ஃபோல்டரை அதுவா எடுக்காது. கூகுள் டிரைவ்லயும் 15 ஜிபிதான் ஃப்ரீ, அழிச்சா ட்ராஷ்ல 30 நாள்தான்.

இந்த செட்டப்போட உபுண்டு 22.04, 24.04னு ரெண்டு தடவை டிஸ்க்கை முழுசா அழிச்சு போட்டாச்சு, ஒரு ஃபைல் போகல. இன்ஸ்டால் பண்றப்ப பேக்கப் டிஸ்க்கை கழட்டி பீரோவுல வச்சிடுவேன், மாட்டுனா லிஸ்ட்ல ரெண்டு டிஸ்க் தெரியும், அவசரத்துல எத வேணா தொட்டுடுவோம்.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சதும் தாராவில ஒரு அண்ணன் கடை கம்ப்யூட்டருக்கு 11 போட்டு கொடுத்தேன். கடைக்கணக்கு போடுற டேலி சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர் டாகுமென்ட்ஸ்ல இருக்காது, டேலிக்குள்ள போயி எந்த பாத்ல இருக்குன்னு பாத்து எடுக்கணும், டிஸ்க்கை பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்க ரெகவரி கீயை பேப்பர்ல எழுதிக்கணும். அண்ணனுக்கு ஒண்ணு அழுத்திச் சொன்னேன், அவர் மெஷின்ல இருக்குறது சுத்துற டிஸ்க் இல்ல, சிப்ல சேமிக்கிற எஸ்எஸ்டி. எனக்கு கிடைச்ச அதிர்ஷ்டம் அதுல கிடைக்காது, ஃபார்மட் அடிச்சதும் ட்ரிம் கமாண்ட் போயி பழைய டேட்டாவை டிரைவே உள்ளுக்குள்ள துடைச்சிடும், அப்புறம் ஃபோட்டோரெக் ஓட்டுனாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும்.

நம்பர் போட்ட ஃபைல்ல இன்னும் நூத்துச்சொச்சம் பிரிக்காம கிடக்கு. ஒவ்வொரு தடவை கல்யாண் போறப்பவும் அக்காவும் நானும் பத்து பத்தா கேட்டு பேரு வைக்கிறோம். அந்த ஒப்பாரி மட்டும் இன்னும் கிடைக்கல.