பாலமா, பகிர்வா? ஒரே வீட்டு இணைப்பை இரண்டு கணினிகளுக்குக் கொடுக்கும் வழிகள்

கீழ்த்தளத்தில் வாசற்கதவை ஒட்டி ஃபைபர் மோடம் இருக்கிறது. மாடி அறையில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. அதில் வைஃபை வசதி கிடையாது. அதே மேசையில் ஒரு மடிக்கணினி வைஃபை வழியாக இணையத்தில் இருக்கிறது, அதன் பக்கவாட்டில் ஒரு லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிளைச் செருகும் துளை) வேலையில்லாமல் கிடக்கிறது. இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தால் மேசைக் கணினிக்கும் இணையம் வந்துவிடாதா என்று எங்கள் வீட்டில் எழுந்த கேள்விதான் இந்த அலசலுக்குத் தொடக்கம். இதே கேள்வி பல வீடுகளில் எழுவதையும், அவசரத்தில் தவறான வழியைத் தேர்ந்தெடுத்து அரை நாளை இழப்பதையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

விண்டோஸில் நெட்வொர்க் இணைப்புகள் சாளரத்தைத் திறந்தால் இதற்கு இரண்டு விடைகள் அருகருகே கிடைக்கின்றன. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வைஃபை, ஈதர்நெட் (லேன் கேபிள் இணைப்பு) ஆகிய இரண்டு சின்னங்களையும் தேர்ந்தெடுத்து வலது பொத்தானைச் சொடுக்கினால் 'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' என்ற வரி தெரியும், அதுதான் பாலம். அதற்குப் பதிலாக வைஃபை சின்னத்தின் பண்புகளுக்குள் போய் 'ஷேரிங்' பகுதியில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் அது பகிர்வு. இதைத்தான் 'இன்டர்நெட் கனெக்சன் ஷேரிங்', சுருக்கமாக ஐசிஎஸ் என்கிறார்கள். பகிர்வு 1999இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்தது, பாலம் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. இரண்டும் ஒரே பலனைத் தருவதுபோலத் தோன்றினாலும் உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் வேறு.

பாலம் போட்டால் மடிக்கணினி ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்போல (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டிபோல) ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் வரும் தரவுப் பொட்டலத்தின் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் உரிய அடையாள எண்ணை) பார்த்து, அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதைக் கற்றுக்கொண்டு, தேவைப்பட்டால் மறுபக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வைஃபைக்கும் ஈதர்நெட்டுக்கும் தனித்தனியாக இருந்த ஐபி முகவரிகள் (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்கள்) மறைந்து, 'நெட்வொர்க் பிரிட்ஜ்' என்ற புதிய சின்னத்துக்கு மட்டும் ஒரு முகவரி வருகிறது. மேசைக் கணினியோ தனக்கான முகவரியை நேரடியாகக் கீழ்த்தள மோடத்திடமே கேட்டு வாங்குகிறது. பகிர்வில் மடிக்கணினி ஒரு சிறு ரூட்டராக மாறுகிறது. தன் லேன் போர்ட்டுக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, மேசைக் கணினிக்கு அந்த வரிசையிலேயே வேறொரு முகவரியைத் தானே வழங்கி, வெளியே போகும் எல்லாவற்றையும் தன் பெயரில் அனுப்புகிறது. இரண்டு வீடுகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே வீடாக்குவது பாலம். வீட்டுக்காரர் பெயருக்கு வரும் தபாலைக் குடித்தனக்காரருக்குப் பிரித்துக் கொடுப்பது பகிர்வு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: நமக்கு இணைப்பைத் தரும் கருவி எத்தனை ஐபி முகவரிகள் தரத் தயாராக இருக்கிறது? பாலத்தின் மறுபக்கம் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி தேவை. அதைத் தர ஆள் இருந்தால் பாலம் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது.

ஒற்றை முகவரி மட்டும் கிடைக்கும் இடம்

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் சேவையைத் தொடங்கிய காலத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்று 2004ஆம் ஆண்டின் கொள்கை வகுத்திருந்த நேரம் அது. பல வீடுகளில் மோடம் 'பிரிட்ஜ்' நிலையிலேயே இருந்தது; கணினியில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, பிபிபிஓஈ முறையில் 'டயல்' செய்தால்தான் இணையம் வரும். அந்த டயலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு முகவரி. விண்டோஸ் அந்த டயல் இணைப்பைப் பாலத்தில் சேர்க்கவே விடாது. கணினியில் இரண்டு லேன் அட்டைகள் இருந்து அவற்றுக்கு இடையே பாலம் போட்டால் இரண்டாவது கணினி மோடத்தைப் பார்க்கும், டயலும் செய்யும். ஆனால் அதே பயனர் பெயரில் முதல் கணினி ஏற்கெனவே உள்ளே இருந்தால் இரண்டாவது அழைப்பு நிராகரிக்கப்படும். இங்கே பகிர்வு ஒன்றுதான் கணினிக்குள்ளேயே செய்யக்கூடிய வழி. மோடத்தை ரூட்டர் நிலைக்கு மாற்றி, கடவுச்சொல்லை அதற்குள்ளேயே பதிந்துவிடுவது அதைவிடவும் நல்ல வழி.

இந்தக் குழப்பத்தில் பாதிக்குக் காரணம் 'பிரிட்ஜ்' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களில் வருவதுதான். மோடத்தை பிரிட்ஜ் நிலையில் வைப்பது என்றால் மோடம் தன் ரூட்டர் வேலையை விட்டுவிடுகிறது என்று பொருள். கணினியில் பிரிட்ஜ் போடுவது என்றால் கணினி ஸ்விட்ச் வேலையை ஏற்கிறது என்று பொருள். இரண்டையும் ஒருசேரச் செய்துவிட்டால் வீட்டில் முகவரி வழங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு கணினியின் மேக் முகவரியைப் பதிவு செய்துகொண்டு அதற்கு மட்டும் இணைப்புத் தரும் உள்ளூர் கேபிள் இணைய இணைப்புகளுக்கும் இதே விதி பொருந்தும். பாலத்தின் வழியே போகும் இரண்டாவது கணினியின் மேக் முகவரி அவர்களுடைய பட்டியலில் இருக்காது.

இணையம் வருவது வைஃபை வழியே என்றால்

எங்கள் மாடி அறையின் நிலை இதுதான், இங்கேதான் பாலத்தைப் பற்றிய நம்பிக்கை அதிகமாக உடைகிறது. மோடம் ரூட்டர் நிலையில் இருக்கிறது. எத்தனை முகவரி கேட்டாலும் தரும். ஆகவே பாலம் வேலை செய்தாக வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் வைஃபைக்கு ஒரு தனி விதி உண்டு. ஒரு கருவி தன்னை ரூட்டரிடம் அடையாளம் காட்டி இணைந்த பிறகே ரூட்டர் அதன் பேச்சைக் கேட்கும். சாதாரண வைஃபை பொட்டலத்தில் மூன்று முகவரிகளுக்கே இடம் இருப்பதால், 'இதை அனுப்பியது நான், ஆனால் இது உண்மையில் எனக்குப் பின்னால் இருக்கும் இன்னொருவருடையது' என்று சொல்வதற்கு அதில் வழியில்லை. மேசைக் கணினியின் மேக் முகவரியோடு ஒரு பொட்டலம் போனால், தன்னோடு இணையாத ஒருவருடையது என்று ரூட்டர் அதைத் தள்ளிவிடும். நான்கு முகவரிகளுக்கு இடம் தரும் டபிள்யூடிஎஸ் முறை இருக்கிறது. ஆனால் அதற்கு இரு முனைகளும் ஒத்துழைக்க வேண்டும், வீட்டுக்குக் கொடுக்கப்படும் மோடங்களை நம்பி அதில் இறங்க முடியாது.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் இதில் நேர்மையாக நடந்துகொள்கிறது: சாதாரண வைஃபை இணைப்பைப் பாலத்தில் சேர்க்கச் சொன்னால் முடியாது என்று அங்கேயே மறுத்துவிடும். விண்டோஸ் ஒப்புக்கொள்கிறது. போகும் பொட்டலங்களின் மேக் முகவரியைத் தன்னுடையதாக மாற்றி அனுப்பி, வரும் பதில்களை ஐபி முகவரியை வைத்துப் பிரித்துக் கொடுக்க முயல்கிறது. சில வைஃபை அட்டைகளில் இது நன்றாகவே நடக்கும். வேறு சிலவற்றில் முதல் அடியிலேயே சறுக்கும். ஏனென்றால் முகவரி கேட்கும் டிஎச்சிபி கோரிக்கைக்குள்ளே மேசைக் கணினியின் உண்மையான மேக் முகவரி எழுதப்பட்டிருக்கிறது, ரூட்டர் அதற்கே நேராகப் பதில் அனுப்பினால் அந்தப் பதில் காற்றில் தொலைந்துபோகிறது.

அப்படித் தொலைந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. மேசைக் கணினியின் இணைப்பு விவரங்களில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அது யாரிடமும் முகவரி கிடைக்காமல் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். எங்கள் மாடியில் நான் பார்த்ததும் அதையேதான். கையால் 192.168.1.60 என்று ஒரு முகவரியையும், வெளியே போகும் நுழைவாயில் (கேட்வே) முகவரியாக மோடத்தின் 192.168.1.1ஐயும் எழுதிக் கொடுத்ததும் பக்கங்கள் திறந்தன. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மடிக்கணினி தூக்கத்திலிருந்து எழுந்தபோது பாலம் எழவில்லை, அதோடு மடிக்கணினியின் சொந்த இணைப்பும் போய்விட்டது. பாலத்தை நீக்கிய பிறகே வைஃபை மீண்டும் வந்தது. இந்தக் கடைசிச் செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: பாலம் பழுதானால் அதைப் போட்ட கணினியும் சேர்ந்து முடங்கும்.

பகிர்வுக்கு மாற்றியபோது மேசைக் கணினிக்குச் சில நொடிகளில் 192.168.137 வரிசையில் முகவரி கிடைத்தது. வைஃபைப் பக்கம் வெளியே தெரிவது மடிக்கணினியின் மேக் முகவரி ஒன்றே என்பதால் ரூட்டருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. வைஃபையை உள்ளே வாங்கி லேன் வழியே வெளியே விடும் நிலையில் நான் சந்தேகமின்றிப் பகிர்வையே பரிந்துரைப்பேன்.

ஆனால் பகிர்வுக்கு உள்ள குறைகளை மறைக்கக் கூடாது. மேசைக் கணினி இப்போது வீட்டின் மற்றக் கருவிகளோடு ஒரே நெட்வொர்க்கில் இல்லை. கீழே இருக்கும் வைஃபை பிரின்டரை அது தானாகக் கண்டுபிடிக்காது. பிரின்டரின் ஐபி முகவரியைக் கையால் கொடுத்துச் சேர்த்தால் அச்சிடும். மேசைக் கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் கோப்புறையை வீட்டிலுள்ள வேறொரு மடிக்கணினியிலிருந்து திறக்கப் பார்த்தால் வழியே இருக்காது, ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்குக் குடித்தனக்காரர் என ஒருவர் இருப்பதே தெரியாது. பாலத்தில் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. வீட்டுக்குள் கோப்புப் பரிமாற்றம் முக்கியமானவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

விண்டோஸ் 10இல் வந்த இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான்கு நிமிடங்கள் பகிர்வின் வழியே போக்குவரத்து எதுவும் இல்லையென்றால் அந்தச் சேவை தானாக நின்றுவிடும். கணினியை மறுபடி தொடக்கினாலும் தானாக எழாமல் போகும். சர்வீசஸ் பட்டியலில் அந்தச் சேவையைத் 'தானியங்கி' என்று மாற்றுவதோடு, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) ஒரு மதிப்பையும் சேர்த்தால்தான் இது தீரும். காலையில் 'நேற்று வந்ததே, இன்று ஏன் வரவில்லை' என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இதுதான்.

பகிர்வு ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியைக் கீழே கொண்டுபோனபோது, வேகமாக இருக்கட்டும் என்று மோடத்தின் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினேன். பகிர்வை அணைக்க மறந்துவிட்டேன். வீட்டில் முகவரி வழங்க இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு கைபேசியின் வைஃபை விவரத்தில் 192.168.137 என்று தொடங்கும் முகவரி தெரிந்தது. அந்தக் கைபேசியின் இணையம் முழுவதும் மடிக்கணினியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. மடிக்கணினியை மூடியதும் அதற்கு இணையம் நின்றது. பகிர்வைப் போட்டிருக்கும் லேன் போர்ட்டை மோடத்தில் ஒருபோதும் செருகக் கூடாது.

பாலத்தில் இதே தவறைச் செய்தால் விளைவு இன்னும் கடுமையாக இருக்கும். வைஃபையும் லேனும் ஒரே மோடத்தில் முடிந்து பாலமும் நடுவில் இருந்தால் ஒரு வளையம் உருவாகிறது, எல்லோருக்குமாக அனுப்பப்படும் பொட்டலங்கள் அதற்குள் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு நெட்வொர்க்கையே திணறடிக்கும். கணினிப் பொறியாளர் ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை இந்த வளையத்தை உடைப்பதற்காகவே வந்தது. விண்டோஸின் பாலத்திலும் அது இருக்கிறது. வீட்டு மோடங்கள் பலவற்றில் அது இல்லாததால் அதை முழுமையாக நம்பியிருக்க முடியாது.

இணையம் வருவது லேன் கேபிள் வழியே என்றால்

இங்கே பாலம் தெளிவாக வெல்கிறது. ஒரு கணினியில் இரண்டு லேன் போர்ட்கள் இருந்து, ஒன்றில் மோடத்திலிருந்து கேபிள் வந்து, மற்றதிலிருந்து அடுத்த கணினிக்குப் போகிறது என்றால் பாலத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். மேக் முகவரிச் சிக்கல் இல்லை, வெளியே போவதை இரண்டு இடங்களில் முகவரி மாற்றி அனுப்பும் தொல்லை இல்லை, பிரின்டர் தெரியும். முதல் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அதே வேலையை ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று எந்தக் கணினியையும் எதிர்பார்க்காமல் செய்யும் என்பதால், கடைக்குப் போய்வர முடியாத நாளுக்கே இந்தப் பாலம் பொருத்தமானது.

லினக்ஸிலும் ஆப்பிளின் மேக் கணினியிலும் பகிர்வு இதே கொள்கையில்தான் நடக்கிறது. லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜரில் 'மற்றக் கணினிகளோடு பகிர்' என்று தேர்ந்தெடுத்தால் 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும், மேக் கணினி 192.168.2.1ஐ எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பகிர்வின் மேல் எழுப்பப்பட்டதுதான். ஆனால் அது ஒரே வைஃபை அட்டையால் வாங்கவும் கொடுக்கவும் செய்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்; லேன் வழியே கொடுக்கும்போது அந்த இழப்பு இல்லை.

பழைய மேசைக் கணினிக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்கிச் செருகிவிட்டால் மடிக்கணினியை நம்பியிருக்கும் நிலையே போய்விடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரில் கிளையன்ட் வசதி (வைஃபையை வாங்கி லேன் வழியே தருவது) இருந்தால் அதுவும் இந்த வேலையைச் செய்யும். நாங்கள் கடைசியில் மாடிப்படியின் ஓரமாக ஒரு கேட் 5ஈ கேபிளை மேலே கொண்டுபோனோம். நூறு மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும் கேபிள் அது. எங்களுக்குத் தேவைப்பட்டது பதினெட்டு மீட்டர். மேசைக் கணினி இப்போது மோடத்திடமிருந்தே 192.168.1 வரிசையில் முகவரி வாங்குகிறது, கீழே இருக்கும் பிரின்டரும் அதன் பட்டியலில் தானாகத் தெரிகிறது.