வைக்கமும் மகாடும்: இரண்டு சத்தியாகிரகங்கள்

1924 மார்ச் 30 அன்று கேரளத்தில் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலுக்குள் போகக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கத்தான் கேட்டது. பெரியார் இருமுறை சிறை சென்றார். 1925-இல் கிடைத்தது சமரசம்: மூன்று பக்கம் திறந்தது, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை.

மகாராஷ்டிரத்தில் உள்ள மகாடில் நிலைமை வேறு. சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் தலித்துகளால் நெருங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். என்னை அதிகம் உலுக்குவது இதுதான்: காகிதத்தில் கிடந்த உரிமையை அவர்களே கையால் அள்ளினார்கள். அப்புறம் அவர்களுக்கு அடி விழுந்தது, மேல்சாதியினர் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். குளத்தின் உரிமை பற்றிய வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1937-இல்தான் உயர் நீதிமன்றம் தலித்துகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.