ஆயிலைக் குளிர்விக்கக் காற்றா, கூலன்ட்டா?

என் காரில் இரண்டையும் மாட்டி ஓட்டியிருக்கிறேன். முதல் இரண்டு வருடம் முன்பம்பருக்குள் காற்றில் குளிரும் ஆயில் கூலர். இப்போது ஒன்றரை வருடமாக, ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உட்கார்ந்து, ரேடியேட்டரில் ஓடும் திரவமான கூலன்ட்டால் குளிரும் கூலர். கார் 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. தினமும் கோயம்புத்தூருக்குள் ஆபீஸ், வருடத்துக்கு நாலைந்து தடவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக், நடுவில் வால்பாறை. இந்த உபயோகத்துக்கு நான் கூலன்ட் கூலர் பக்கம்தான்.

கூலர் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கரியில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். ஆர்பிஎம் இறங்கவே இடமில்லை. கூலர் இல்லாத காலத்தில் ஆறாவது சுற்றிலேயே ஆயில் 128 டிகிரியைத் தொட்டுவிட்டது. டேஷ்போர்டில் கூலன்ட் முள் மட்டும் நடுவிலேயே நின்றது. ஆயில் சூடேற ஏற நீர்த்துப்போகும், எஞ்சினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங் இடுக்குகள் வழியாகச் சுலபமாக வழிந்துவிடும், ஆயில் பிரஷர் விழும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) இருக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பழைய கணக்குப்படி 5000-இல் எனக்கு 50 வந்திருக்க வேண்டும். கேஜ் காட்டியது 42.

வெறும் குளிர்ச்சி என்று பார்த்தால் காற்றுக் கூலருக்குத்தான் வெற்றி. அதே டிராக்கில் அது 108-இல் நிறுத்தியது, கூலன்ட் கூலர் 116-இல் நிறுத்துகிறது. நான் ஊற்றும் 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயிலுக்கு 116 ஒரு பொருட்டே இல்லை. அதனால் அந்த 8 டிகிரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் முடிவை மாற்றியது பராமரிப்பு. காற்றுக் கூலர் என்றால் எஞ்சினிலிருந்து பம்பர் வரை போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ், நாலு ஜாயின்ட். இத்தனையும் எஞ்சினின் முழு ஆயில் பிரஷரில் நிற்கின்றன. ஒரு தடவை வால்பாறையிலிருந்து இறங்கிவந்து பம்பரைக் கழற்றினேன். திரும்பும் ஹோஸின் அடிப்பக்கம், ரேடியேட்டர் பிராக்கெட்டின் ஓரம் உரசி உரசி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ரப்பர் சீவப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. அதைச் சுற்றி ஆயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தால் அது மலையிலேயே பிய்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பிய்ந்தால் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயில் முழுக்க வெளியேறச் சில நொடிகள் போதும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிவதைப் பார்த்து எஞ்சினை ஆஃப் செய்வதற்குள் பேரிங் போய்விடும். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை பம்பரைக் கழற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கூலரின் இடுக்குகளில் அடைக்கும் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது தனி வேலை. தினசரி ஓட்டும் காருக்கு இது அதிகம்.

காலை நேரத்து ஆயில் சூடும் எனக்கு முக்கியம். என் ஆபீஸ் 8 கிலோமீட்டர். காற்றுக் கூலரில் 80 டிகிரியில் திறந்து ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தெர்மோஸ்டாட் வால்வு இருந்தும், மூடியிருக்கும்போதே கொஞ்சம் ஆயில் கூலர் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். மார்கழிக் காலையில் ஆபீஸ் வாசல் வரை முள் 75-ஐத் தாண்டாது. அந்தச் சூட்டில் ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் தடவியது போல இருக்கும். கூலன்ட் எப்போதும் ஆயிலைவிடச் சீக்கிரம் சூடாகும். கூலன்ட் கூலர் அந்தச் சூட்டை ஆயிலுக்குக் கொடுத்துவிடுவதால் இப்போது பாதி வழியிலேயே 80 வந்துவிடுகிறது. மூடியும் சுத்தமாக இருக்கிறது.

கூலன்ட் கூலரிலும் பயம் இருக்கிறது. உள்ளே தகடு ஓட்டையானால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்துவிடும். ஓடும்போது ஆயில் பிரஷர்தான் அதிகம் என்பதால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். வண்டியை நிறுத்திய பிறகு ஆயில் பிரஷர் பூஜ்யம், கூலன்ட்டில் மட்டும் அழுத்தம் மிச்சமிருக்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும், இதுதான் ஆபத்து. எனவே வாரம் ஒரு தடவை கூலன்ட் டேங்கில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. அப்புறம், போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதன் உப்பு அந்தச் சின்ன வழிகளில் படிந்துவிடும். ரெடிமிக்ஸ் கூலன்ட் அல்லது டிஸ்டில்டு வாட்டர் கலந்ததுதான் ஊற்ற வேண்டும்.

ஆயிலின் சூடு முழுக்க ரேடியேட்டருக்குத்தான் போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டு ஏறியபோது கூலன்ட் முள் எனக்கு லேசாக அசைந்தது. ரேடியேட்டர் பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டர்போ காருக்கோ, அரைமணி நேரம் விடாமல் ஓடும் ரேஸுக்கோ என் ஒன்றரை வருட அனுபவத்தை வைத்துச் சொல்லத் துணிய மாட்டேன். அங்கே காற்றுக் கூலரின் அந்த 8 டிகிரி தேவைப்படலாம்.

நீண்ட வளைவில் பிரஷர் முள் திடீரென்று விழுந்து, நேரானதும் எழுந்தால் அது சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. எந்தக் கூலரும் அதைத் தீர்க்காது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் சம்ப்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.