கேவிஎம்மின் மெய்நிகர் பிஎம்யு: ஒரு நிரல் மதிப்பாய்வு

லினக்ஸ் கெர்னலில் மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் பகுதியான கேவிஎம், பிராசஸருக்குள் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும் செயல்திறன் கவுன்டர்களை மெய்நிகர் இயந்திரங்களுக்கும் வழங்குகிறது. அந்த வேலையைச் செய்யும் பகுதியைக் கெர்னல் எழுதுபவர்கள் விபிஎம்யு, அதாவது மெய்நிகர் பிஎம்யு (செயல்திறன் கண்காணிப்பு அலகு) என்பார்கள். 2012 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் இது இன்டெல் பிராசஸர்களுக்காகச் சேர்க்கப்பட்டது, 2015-இல் 4.2 பதிப்பில் ஏஎம்டிக்கும் வந்தது. இன்டெல், ஏஎம்டி பிராசஸர் வகையான எக்ஸ்86-க்குரிய பிரிவில் பொதுவான கோப்பு ஒன்று, இன்டெலுக்கு ஒன்று, ஏஎம்டிக்கு ஒன்று என மூன்று கோப்புகளில் இதன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. கேவிஎம்மில் இயங்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து, கவுன்டர்களைப் படித்துச் செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியை ஓட்டுகிற எவரும், அறிந்தோ அறியாமலோ, இந்த நிரல் சொல்லும் எண்களை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இது எவ்வளவு தகுதியானது என்று பார்ப்பதற்காகவே இதை வரிவரியாகப் படித்தேன். கட்டமைப்பு தெளிவானது, பராமரிப்பும் நல்லது. ஆனால் கவுன்டர் சரியாக எண்ண முடியாமல் போகும் நேரத்தில் அதை யாருக்கும் தெரிவிக்காமல் இருந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

இயங்கும் முறையை முதலில் பார்க்கலாம். கெஸ்டில், அதாவது மெய்நிகர் இயந்திரத்தில் உள்ள கெர்னல், எந்த நிகழ்வை எண்ண வேண்டும் என்பதை 0x186-இல் தொடங்கும் எம்எஸ்ஆர்களில் (பிராசஸரின் சிறப்புப் பதிவகங்களில்) எழுதுகிறது. எண்ணிக்கையை 0xC1-இல் தொடங்கும் எம்எஸ்ஆர்களில் எதிர்பார்க்கிறது. அப்படி எழுதுவது நேரடியாக வன்பொருளுக்குப் போவதில்லை. பிராசஸர் கெஸ்டை விட்டு வெளியேறி ஹோஸ்டுக்கு, அதாவது கெஸ்டை இயக்கும் அடிப்படைக் கணினிக்குத் திரும்புகிறது. கெஸ்ட் கேட்ட நிகழ்வு என்ன என்று கேவிஎம் புரிந்துகொண்டு, ஹோஸ்டின் பெர்ஃப் அமைப்பிடம் அதே நிகழ்வுக்கு ஒரு பதிவை (அந்த நிகழ்வை எண்ணும் ஏற்பாட்டை) கேட்டு வாங்குகிறது. கெஸ்ட் ஓடும் நேரத்தில் மட்டும் எண்ண வேண்டும் என்ற குறியும், கெஸ்டின் பிராசஸராக இயங்கும் விசிபியு த்ரெட் ஓடும்போதெல்லாம் கவுன்டர் கட்டாயம் வேண்டும் என்ற குறியும் அந்தக் கோரிக்கையோடு சேர்ந்தே போகின்றன. எந்த வன்பொருள் கவுன்டரை யாருக்குக் கொடுப்பது என்ற சிக்கலான கணக்கு முழுவதையும் பெர்ஃப் பார்த்துக்கொள்வதால், கேவிஎம் பக்கத்து நிரல் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியதாக இருக்கிறது. புதிய பிராசஸர் தலைமுறை வரும்போது அதன் நுணுக்கங்களை இரண்டு இடங்களில் எழுத வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. கெஸ்டும் ஹோஸ்டும் ஒரே நேரத்தில் கவுன்டர்களைப் பயன்படுத்தலாம் என்பது இந்த வடிவமைப்பின் பெரிய வரவு.

இதே வடிவமைப்பின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கவுன்டரைப் படிக்கும் சிறிய செயற்கூறு காட்டிவிடுகிறது. சேமித்து வைத்த எண்ணிக்கையோடு பெர்ஃப் தரும் எண்ணிக்கையைக் கூட்டி, கவுன்டரின் அகலத்துக்கு ஏற்ப மேல்பிட்டுகளை வெட்டித் திருப்பித் தருவதே அதன் வேலை. பெர்ஃபிடம் மதிப்பைக் கேட்கும்போது, அந்தப் பதிவு எவ்வளவு நேரம் செயலில் இருக்க வேண்டியிருந்தது, உண்மையில் எவ்வளவு நேரம் வன்பொருளில் ஓடியது என்ற இரண்டு அளவுகளும் கூடவே வருகின்றன. கேவிஎம் அவ்விரண்டையும் வாங்கி, எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. அளவுத் திருத்தம் தேவையா என்று கேட்கும் ஒரு குறிப்பு மட்டும், பின்னர் சரிசெய்ய வேண்டியது என்ற அடையாளத்தோடு, முதல் பதிப்பிலேயே அங்கே எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இந்தக் கேள்வி முக்கியமானது. பெர்ஃப் தன் பதிவுகளுக்கு ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருக்கிறது. பிராசஸருக்கென்று கட்டாயமாக்கப்பட்ட பதிவுகள் முதலில் இடம்பிடிக்கும். த்ரெடுக்கென்று கட்டாயமாக்கப்பட்டவை அடுத்து வரும். கேவிஎம் உருவாக்குபவை இரண்டாம் வகை. ஹோஸ்ட் நிர்வாகி ஒருவர் இயந்திரம் முழுவதற்கும் கட்டாயப் பதிவுகளைத் தொடங்கி, கவுன்டர்கள் தீர்ந்துபோனால், கெஸ்டுக்கான பதிவு பிழை நிலைக்குத் தள்ளப்படும். அப்போது கெஸ்டுக்குத் தெரிவது அசையாமல் நிற்கும் ஓர் எண் மட்டுமே. சப் மீட்டர் ஓடாமல் நின்றுபோனது தெரியாமலே மாதக் கணக்குப் பார்க்கும் வாடகைக்காரரின் நிலைதான் கெஸ்டின் நிலை. நேரடி வன்பொருளில் பெர்ஃப் ஓட்டினால், கவுன்டர் எத்தனை சதவீத நேரம் ஓடியது என்பதை முடிவின் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டும். கெஸ்டுக்குள் ஓடும் பெர்ஃபுக்கோ தன் கவுன்டர் முழு நேரமும் ஓடியதாகவே தோன்றும். எண்ணிக்கையை விகிதப்படி பெருக்கித் தருவதும் தீர்வாகாது என்றே நினைக்கிறேன். கவுன்டர் நிரம்பி வழியும் தருணத்துக்கும் பெருக்கிய எண்ணுக்கும் பொருத்தம் இல்லாமல் போய்விடும். கையில் வந்து சேர்ந்த அந்த இரண்டு அளவுகளைக் கேவிஎம்மின் புள்ளிவிவரப் பட்டியல் வழியாக ஹோஸ்ட் நிர்வாகிக்காவது காட்டியிருக்கலாம்.

அடுத்து வருவது கவுன்டர் நிரம்பும்போது எழும் இடைமறிப்பு, அதாவது பிராசஸரின் கவனத்தைக் கோரும் சமிக்ஞை. இன்டெல் பிராசஸர்களில், இந்த இடைமறிப்பை, இடைமறிப்புகளைப் பிராசஸரிடம் சேர்க்கும் உள்ளூர் ஏபிஐசி கையாண்டதும், அதன் எல்விடிபிசி பதிவகத்தில் அடுத்த இடைமறிப்பைத் தடுக்கும் முகமூடி பிட் தானாகவே போடப்படும். கெஸ்ட் கெர்னல் அதை நீக்கிய பிறகுதான் அடுத்த இடைமறிப்பு வர முடியும். கேவிஎம்மின் ஏபிஐசி போன்மையில் (மென்பொருள் நகலில்) இந்த ஒரு பிட் 2012 முதல் விடுபட்டிருந்தது. அதன் விளைவாகத் தேவையற்ற இடைமறிப்புகள் கூடுதலாக வந்து, காரணம் தெரியாத என்எம்ஐ (தடுக்க முடியாத இடைமறிப்பு) வந்ததாகக் கெஸ்ட் கெர்னல் புலம்பும் வரிகள் பதிவேட்டை நிரப்பின. 2023-இல் இது சரிசெய்யப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் எல்லாப் பிராசஸர்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது; ஏஎம்டியின் ஏபிஐசி முகமூடியைத் தானாகப் போடுவதில்லை. பழைய ஏஎம்டி கெஸ்டுகள் பொதுவான இடைமறிப்புக் கையாளியைப் பயன்படுத்தியதாலும், அக்கையாளி எந்த நிறுவனத்தின் பிராசஸர் என்று பார்க்காமல் முகமூடியை நீக்கிவிடுவதாலும், அவற்றுக்குப் பாதிப்பு இல்லை. ஏஎம்டியின் புதிய கவுன்டர் வசதியான பெர்ஃப்மான் வி2 பெற்ற கெஸ்டுகளின் தனிக் கையாளி முகமூடியைத் தொடாததால், முதல் இடைமறிப்போடு எல்லாம் நின்று, மாதிரி எடுக்கும் வேலை முடங்கியது. 2024-இல் இன்டெலுக்கு ஒத்த கெஸ்டுகளுக்கு மட்டும் முகமூடி என்று வரம்பிட்டு அதையும் தீர்த்தார்கள். இந்த இரண்டு திருத்தங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, இன்டெல் கையேட்டின் வாக்கியம் ஒன்றைப் பொதுக் கோப்பில் எழுதும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பது நன்றாகப் பிடிபடும். திருத்தக் குறிப்புகள் இரண்டும் காரணத்தையும் விளைவையும் முழுமையாக விளக்குகின்றன. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது.

கேவிஎம்மே கெஸ்டுக்காகச் செய்துமுடிக்கும் கட்டளைகளின் கதையும் இதைப் போன்றதே. பிராசஸரின் விவரங்களைத் தரும் சிபியுஐடி கட்டளையைக் கெஸ்ட் இயக்கினால் இன்டெலில் கட்டாயம் வெளியேற்றம் நிகழும். கட்டளையின் பலனைக் கேவிஎம் நிரப்பிவிட்டு அடுத்த கட்டளைக்குத் தாவும். வன்பொருளைப் பொறுத்தவரை அந்தக் கட்டளை நிறைவேறவே இல்லை என்பதால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். 2022-இல் வந்த 5.17 பதிப்பில்தான், இவ்வாறு முடிக்கப்படும் கட்டளைகளையும் கிளைக் கட்டளைகளையும் மென்பொருளே கவுன்டரில் சேர்க்கும் ஏற்பாடு வந்தது. காலதாமதமானாலும் சரியான முடிவு.

வேகத்தைப் பற்றி நல்லதாகச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கவுன்டரைத் தொடும் ஒவ்வொரு முறை எம்எஸ்ஆரில் எழுதுவதும் வெளியேற்றம். கவுன்டரைப் படிப்பதற்கென்றே இருக்கும் ஆர்டிபிஎம்சி கட்டளையும் வெளியேற்றம். கெஸ்டில் பெர்ஃப் பல நிகழ்வுகளை மாற்றிமாற்றி எண்ணும்போது, ஹோஸ்டில் பதிவுகளை அழித்து மீண்டும் உருவாக்கும் வேலை கூடுகிறது. உருவாக்கிய பதிவை உடனே அழிக்காமல் வைத்திருந்து, ஒரு காலத்துண்டு முழுவதும் தொடப்படாதவற்றை மட்டும் விடுவிக்கும் உத்தி 2019-இல் சேர்க்கப்பட்டது. அது இந்தச் சுமையைக் குறைக்கிறது, நீக்கவில்லை.

எந்த நிகழ்வுகளைக் கெஸ்ட் எண்ணலாம் என்று வரம்பிடும் வடிகட்டி 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. பாதுகாப்புக்கு அவசியமான வசதி. ஆனால் தடுக்கப்பட்ட நிகழ்வும் கெஸ்டுக்குச் சுழியமாகவே தெரியும். தடை என்றும் சொல்லாது, பிழை என்றும் சொல்லாது.

சோதனைகளைப் பொறுத்தவரை, கேவிஎம் யூனிட் டெஸ்ட் தொகுப்பில் பிஎம்யுவுக்கு நெடுங்காலமாகத் தனிச் சோதனை உண்டு. பத்து லட்சம் முறை சுழலும் ஒரு கண்ணியை ஓட்டி, நிறைவேறிய கட்டளைகள் ஒரு சுற்றுக்கு 10 முதல் 10.2 வரை இருக்கின்றனவா என்று பார்க்கும் வரம்பு நல்ல இறுக்கமானது. பிராசஸர் சுழற்சிகளுக்கு வைத்திருந்த வரம்போ ஒரு சுற்றுக்கு 1 முதல் 50 வரை நீண்டது. கவுன்டர் ஓடுகிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனையால் எதையும் உறுதிசெய்ய முடியாது. ஹோஸ்டில் கவுன்டர் பற்றாக்குறையை வேண்டுமென்றே உருவாக்கி, கெஸ்டின் எண் நின்றுபோகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றை இங்கே எதிர்பார்த்தேன், காணவில்லை.

2024 ஜனவரியில் முன்வைக்கப்பட்ட மாற்று வடிவமைப்பு இந்தக் குறைகளில் பலவற்றை வேரிலேயே தொடுகிறது. கெஸ்ட் ஓடும் நேரம் முழுவதும் பிஎம்யுவை அதனிடமே ஒப்படைத்து, உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கவுன்டர்களின் நிலையை மாற்றிவைப்பதே அதன் அடிப்படை. ஹோஸ்டின் பதிவுகளோடு போட்டி இல்லை. கவுன்டரைப் படிப்பதற்கு வெளியேற்றமும் தேவையில்லை. மறுபக்கம், கெஸ்ட் ஓடும்போது ஹோஸ்டிலிருந்து அதை அளக்கும் வழி அடைபடும். நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் கூடுதல் எம்எஸ்ஆர் வேலை சேரும். பழைய பிராசஸர்களில் இது இயங்காது. இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர் தன் பக்கத்து அளவீட்டைத் துறக்க வேண்டியிருந்தாலும், வாடகைக்கு எடுத்தவரின் எண் மெய்யாக இருக்கும் என்பதால், இந்தப் பேரத்தை நான் ஏற்பேன்.

பெர்ஃப் வழியாக இயங்கும் விபிஎம்யுவை இப்போது பயன்படுத்துபவர்கள், ஒப்பீட்டளவிலான சோதனைகளுக்கு, அதாவது ஒரே கெஸ்டில் நிரலின் இரண்டு வடிவங்களில் எது குறைவான கட்டளைகளில் வேலையை முடிக்கிறது என்பது போன்றவற்றுக்கு, அதைத் தயங்காமல் நம்பலாம். கேஷ் தவறல் (வேண்டிய தரவு கேஷ் நினைவகத்தில் கிடைக்காமல் போவது) போன்ற நிகழ்வுகளின் தனி எண்ணை அறிக்கையில் எழுதுவதற்கு முன், ஹோஸ்டில் வேறு பெர்ஃப் பதிவுகள் ஓடவில்லை என்பதையும் அந்த நிகழ்வு வடிகட்டியில் தடுக்கப்படவில்லை என்பதையும் ஹோஸ்ட் நிர்வாகியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கெஸ்டுக்குள்ளிருந்து இவ்விரண்டையும் கண்டுபிடிக்க இந்த நிரல் வழி வைக்கவில்லை.