ஃப்ரோசன் பாசா + பார்மேசான்: 20 நிமிஷ டின்னர்னு நம்பி மூணு தடவ செஞ்சு பாத்தேன்

ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்குள்ள கால் வைக்கவே எட்டரை ஆகுது, அதுக்கப்புறம் மீன் கழுவி மசாலா தடவி ஊறவச்சு பொரிச்சு அடுப்பத் தொடைக்கிறதுலாம் ஞாயித்துக்கிழமை கதை. அதனாலதான் இந்த சீஸ் மீன் மேல ஆசை வந்துச்சு. பெரிய வித்தையெல்லாம் இல்ல, 20 நிமிஷத்துல டின்னர் ரெடின்னு சொல்றாங்க, முள்ளில்லாத வெள்ள மீன் துண்டு மேல துருவுன பார்மேசானையும் ப்ரெட் தூளையும் கலந்து அப்பி ஓவன்ல வச்சா மேல மொறுமொறுன்னு உள்ள மெத்துன்னு வரும், அமெரிக்காவுல வார நாள்ல திலாப்பியா மீன் வச்சு செய்யிற வீட்டுச் சமையல் இது. நம்ம ஊர்ல சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்ல சுலபமா கிடைக்கிறது பாசா, அதனால அதத்தான் வாங்குனேன். பிராண்ட் பேர் சொல்லல, ஏன்னா கீழ திட்டப்போறேன்.

முதல் தடவ படுதோல்வி. காலைல ஃப்ரீசர்ல இருந்து எடுத்து கீழ வைக்க மறந்துட்டேன், நைட்டு வந்து குழாத் தண்ணில போட்டு பாதி உருகுனதும் ட்ரேல வச்சு சீஸ அப்பி உள்ள தள்ளிட்டேன். பன்னெண்டு நிமிஷம் கழிச்சு தொறந்தா ட்ரே முழுக்க வெள்ளையா தண்ணி, அதுல மீன் குளிச்சிட்டு இருக்கு, மேல இருந்த சீஸ் ரசத்துல விழுந்த அப்பளம் மாதிரி நமுத்துப் போய் ஒரு பக்கமா ஒதுங்கிருச்சு. அது பேக் பண்ணுன மீன் இல்ல, அவிச்ச மீன். அன்னைக்கி ராத்திரி தயிர் சாதம்.

சரி எங்கருந்து இவ்ளோ தண்ணின்னு அடுத்த பாக்கெட்ட ஒழுங்கா எடைபோட்டுப் பாத்தேன், கேக்குக்கு மாவு நிறுக்க வாங்குன சின்ன தராசு வீட்ல கிடந்துச்சு. பாக்கெட்ல போட்டது 500 கிராம், 289 ரூபா. ராத்திரி ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுல வடிதட்டு மேல வச்சு, மறுநாள் சாயந்தரம் எடுத்து டிஷ்யூவால ஒத்தி எடுத்து நிறுத்தா 408 கிராம்தான் இருக்கு. கீழ கிண்ணத்துல காபி டம்ளர்ல பாதிக்கு தண்ணி. மீன் காஞ்சு போகாம இருக்க மேல ஐஸ் பூச்சு குடுப்பாங்க, கிளேசிங்னு பேரு, அது தப்பில்ல, ஆனா அந்த ஐஸுக்கும் மீன் விலைய நம்மகிட்டதான் வாங்குறாங்க. பாக்கெட்டத் திருப்பிப் பாத்தா எறும்பு எழுத்துல மீன், தண்ணி, ஐஎன்எஸ் 451. உணவுல சேக்குற பொருளுக்குக் குடுக்குற நம்பர் அது, இந்த நம்பர்னா ட்ரைபாஸ்பேட். மீனோட சதை தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிறதுக்காகப் போடுறது. சூடு ஏறுனதும் பிடிச்சு வச்சதுல ஒரு பங்க விட்டுருது, அதுதான் என் ட்ரேல நின்ன குளம். கணக்குப் போட்டா கிலோ 708 ரூபா ஆகுது, 578 இல்ல.

இந்த பாசா யாருன்னா வியட்நாம்ல மேக்கொங் ஆத்துப் பக்கம் குளத்துல வளக்குற கெளுத்தி வகை. பாசான்னு விக்கிறதுல முக்காவாசி உண்மைல அதோட சொந்தக்கார மீன், ட்ரா. ருசின்னு பெருசா ஒண்ணும் இல்ல, கவுச்சியும் இல்ல, மீன் பிடிக்காத பசங்க கூட சாப்பிடுறது அதனாலதான். சீஸ் ருசிய தூக்கிப் பிடிக்க ஒரு பலகை வேணும்னா பாசா நல்ல பலகை.

இப்ப சீஸ். வீட்ல இருந்த ப்ராசஸ்டு க்யூப துருவிப் போட்டா ஆகாது, சொல்லிட்டேன். அதுல இருக்குற உப்பு வகைகளால அது உருகி வழவழன்னு பாயுமே தவிர மொறுமொறுப்பு வராது. மொசரெல்லா போட்டா பீட்சா மாதிரி இழுக்கும். இதுக்கு ஈரம் கம்மியான கெட்டி சீஸ்தான் வேணும். இத்தாலில பார்மேசானோட ஒரிஜினலான பார்மிஜானோ ரெஜ்ஜியானோவ கொறஞ்சது 12 மாசம் பழுக்க வச்சாதான் அந்தப் பேருல விக்க விடுவாங்க, ஐரோப்பாவுல பார்மேசான்ங்கிற பேர கூட வேற சீஸுக்கு வைக்கக் கூடாதுன்னு 2008ல கோர்ட்டே சொல்லிருச்சு. அதுல பால திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் போடுவாங்க, இங்க கிடைக்கிற பச்சைப் புள்ளி போட்ட பார்மேசான் அது இல்லாம செய்யிறது. வாசம் கொஞ்சம் கம்மிதான், ஆனா இந்த வேலைக்குப் போதும். டப்பால பொடியா வர்றத மட்டும் வாங்காதீங்க, ஒட்டாம இருக்க செல்லுலோஸ்னு ஒரு நார்ப் பொடி போடுவாங்க, அமெரிக்காவுல 2016ல பார்மேசான்னு சொல்லி வேற சீஸும் செல்லுலோஸும் கலந்து வித்த கேஸே நடந்துச்சு. கட்டியா வாங்கி வீட்லயே துருவுனது ஓவன்ல போனதும் தங்க நெறத்துக்கு வந்துச்சு, டப்பா பொடி மணல் மாதிரி அப்படியே நின்னுச்சு. 200 கிராம் கட்டி ரெண்டு தடவைக்கு மேல வருது.

ரெண்டாவது தடவ உருப்படியா வந்துச்சு. ஈரத்த ஒத்தி எடுத்து, கொஞ்சம் மிளகுத்தூள் மட்டும் தூவி (உப்பு வேண்டவே வேண்டாம், சீஸ்லயே ஏகத்துக்கு இருக்கு, நான் மீன்லயும் சீஸ்லயும் உப்பு போட்டு கருவாடு மாதிரி ஆன கதைய தனியா சொல்லணும்), மேல ஒரு ஸ்பூன் மயோனைஸ மெல்லிசா தடவுனேன். சீஸ் ஒட்டுறதுக்கு அதுதான் பசை. 2025 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாடு கவர்ன்மென்ட் பச்சை முட்டை மயோனைஸ ஒரு வருஷத்துக்கு தடை பண்ணுனாங்களே, என்னோடது எக்லெஸ், அதனால வம்பில்ல. சீஸ் ரெண்டு பங்கு, ப்ரெட் தூள் ஒரு பங்கு, நசுக்குன பூண்டு ரெண்டு பல்லு, உருக்குன வெண்ணெய் ஒரு ஸ்பூன், பிசறி மேல அப்பி லேசா அமுக்கி விடணும். கம்பி வலை மேல மீன வச்சு அடில ட்ரே, அப்பதான் விடுற தண்ணி கீழ போகும், மீன் அதுல உக்காராது.

ஓடிஜிய (வீட்டு சின்ன கரண்ட் ஓவன்) 220 டிகிரில பத்து நிமிஷம் சூடு பண்ணிட்டு உள்ள வச்சேன், பத்து நிமிஷம் ரெண்டு கம்பியும், கடைசி ரெண்டு நிமிஷம் மேல் கம்பி மட்டும். அந்த ரெண்டு நிமிஷம் போன் பாக்காதீங்க, சீஸ் பொன்னிறத்துல இருந்து கரிக்கு போக அரை நிமிஷம் கூட ஆகாது. முள்ளுக்கரண்டியால குத்துனா இதழ் இதழா பிரியணும், தெர்மாமீட்டர் இருந்தா 63 டிகிரி. அந்த 20 நிமிஷ கணக்குல ஓவன் சூடாகுற நேரத்த யாரும் சேக்க மாட்டாங்க போல, எனக்கு மொத்தம் 35 ஆச்சு, அதுவும் முந்தின நாளே மீன கீழ இறக்கி வச்சாதான்.

மூணாவது தடவ செய்யிறப்ப அம்மா தூத்துக்குடில இருந்து வந்திருந்தாங்க. பாக்கெட்ல இருந்து துண்ட எடுத்ததும் ஆரம்பிச்சுட்டாங்க. "என்னல இது, தலையும் இல்ல வாலும் இல்ல. செவுளப் பாக்காம எப்பிடில மீனு வாங்குத?" அவங்களுக்கு மீன்னா செவுள் செவப்பா இருக்கணும், கண்ணு முட்டிட்டு நிக்கணும், அமுக்குனா சதை எந்திரிச்சு வரணும். இதுல பாக்க ஒண்ணுமே இல்ல, சோப்பு கட்டி மாதிரி வெள்ளையா கிடக்கு. சீஸ் தடவுறப்ப "மீனுக்கு பால்கோவாவா பூசுத" அப்டின்னாங்க. ஆனா வெந்து வந்ததும் மேல இருந்த மொறுமொறுப்ப மட்டும் விரலால பேத்து பேத்து தின்னு முடிச்சுட்டு மீன எனக்குத் தள்ளி விட்டாங்க. "மேல இருக்கது நல்லாத்தான் இருக்கு, கீழ உள்ளத நீயே தின்னு."

அந்த விமர்சனம் சரிதான்னு தோணுச்சு. மறுநாள் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் போய் ஒரு கொடுவா வாங்குனேன், ஒண்ணே கால் கிலோ, அம்மாதான் செவுளத் தூக்கிப் பாத்து எடுத்தாங்க. வெட்டுற அக்கா முள்ளு தோலு எடுத்து ஃபில்லட் போட்டுக் குடுத்தாங்க, சதை மட்டும் 560 கிராம் வந்துச்சு. கொடுவா நல்ல வெள்ள சதை, கெட்டி, கடல்லயும் இருக்கும் உப்பங்கழிலயும் இருக்கும், பண்ணைலயும் வளக்குறாங்க, சென்னை சாந்தோம் ஹைரோட்ல ஆபீஸ் இருக்குற சிபாங்கிற உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 1997லயே குஞ்சு பொரிக்க வச்சுட்டாங்க. அதே சீஸ், அதே ஓவன், ட்ரேல தண்ணி ஒரு ஸ்பூன் கூட இல்ல, மேல சீஸும் கீழ மீனும் ஒண்ணா வெட்டி வாய்ல போட முடிஞ்சுது. விலைன்னு பாத்தா சதை கணக்குல பாசா மாதிரி ரெண்டு மடங்கு, அத மறைக்கல. ஆனா தலையும் நடு முள்ளும் அம்மா புளிக்குழம்புல போட்டுட்டாங்க, மறுநாள் மத்தியானத்துக்கும் அது ஓடுச்சு, அந்தக் கணக்கையும் சேக்கணும்ல.

மார்க்குன்னா பார்மேசான் கட்டிக்கு அஞ்சுக்கு நாலரை, ஓடிஜிக்கு நாலு (பின்பக்க மூலை மட்டும் சீக்கிரம் கருகுது, பாதில ட்ரேய திருப்பி வைக்கணும்), அந்த பாசா பாக்கெட்டுக்கு ரெண்டு. வார நாள்ல அவசரத்துக்கு பாசா ஒரு பாக்கெட் ஃப்ரீசர்ல இருக்கட்டும், வாங்குறப்ப பின்னாடி 451 இல்லாததா பாத்து எடுங்க, நான் அடுத்து அப்படித்தான் தேடப்போறேன். மிச்சம் வந்தத மைக்ரோவேவ்ல சூடு பண்ணிராதீங்க, மேல் மொறுமொறுப்பு ரப்பர் ஆயிருது, தோசைக்கல்லுல மூடி போடாம சிம்ல வைங்க. அம்மா ஊருக்குப் போறப்ப மிச்ச சீஸ் கட்டிய கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க, வாழைக்கா வறுவல் மேல துருவிப் போட்டுப் பாக்கப் போறாங்களாம்.