ஃபோர்ட் ரக்கருக்கு மாற்றலா? எந்த ஊரில் வீடு பார்ப்பது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், தென்கிழக்கு மூலையில் இருக்கும் இந்த ராணுவ முகாமுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கும். 2023 ஏப்ரலில் ஃபோர்ட் நோவோசெல் ஆக்கினார்கள், 2025இல் திரும்பவும் ஃபோர்ட் ரக்கர். வீட்டு விளம்பரங்களில் இரண்டு பெயரையும் பார்க்கலாம். இடம் ஒன்றுதான். 1954இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பயிற்சிப் பள்ளி இங்கே வந்தது. ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் தரைப்படையினருக்கு இதுதான் பள்ளிக்கூடம்.

வீடு பார்க்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது, “முகாம் கேட்டுக்கு எவ்வளவு தூரம்?” என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. சீருடை போட்டவருக்கு விடிவதும் அடைவதும் முகாமுக்குள்ளே. எந்த ஊரில் படுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பகல் முழுக்க ஊரோடு மல்லுக்கட்டப் போவது கூட வரும் மனைவியோ கணவரோதான். அவருக்கு வேலை, ஆஸ்பத்திரி, பேச்சுத்துணை எங்கே கிடைக்கும் என்று பாருங்கள்.

முகாமுக்குள்ளேயே குடியிருப்பது அலைச்சல் இல்லாத வழி. ஆனால் கணக்கு இடிக்கும். ராணுவம் தரும் வீட்டு வாடகைப்படி பதவி, குடும்பம், பணியிடத்தின் அஞ்சல் எண் இவற்றை வைத்து வருகிறது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. உள்ளே இருந்தால் பொதுவாக மொத்தப் படியும் குடியிருப்பை நடத்தும் நிறுவனத்துக்குப் போய்விடும். வெளியே குறைந்த வாடகைக்குப் பிடித்தால் மிச்சம் உங்கள் கையில். பிள்ளைகளுக்கு உள்ளே தொடக்கக் கல்வி உண்டு, உயர்நிலைப் பள்ளிக்கு வெளியேதான் போகவேண்டும்.

டேல்வில் முகாமின் வாசலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். 2020 கணக்கெடுப்பில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. பயிற்சிக்குத் தனியாக வந்து, முடிந்ததும் பெட்டி கட்டுகிறவருக்குத் தாராளமாகப் போதும். குடும்பத்தோடு வருகிறவருக்கு ஒரே வாரத்தில் சலித்துவிடும்.

என்டர்பிரைஸ்தான் பலரும் போய்ச் சேருகிற ஊர். ஏறக்குறைய 29,000 பேர், ஊருக்குள்ளேயே ஆஸ்பத்திரி, கடைகண்ணி. முகாமில் இருப்பது கிளினிக்தான், படுக்கை வைத்த ஆஸ்பத்திரி இல்லை. பிரசவத்துக்குக்கூட வெளியேதான் போகவேண்டும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஊர் நடுவில் ஒரு பெண் சிலை தலைக்கு மேல் ஒரு வண்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். பருத்தியைத் தின்று தீர்த்த கூன்வண்டுக்கு 1919இல் எழுப்பிய நினைவுச்சின்னம் அது. வண்டு படுத்திய பாட்டில்தான் விவசாயிகள் நிலக்கடலைக்கு மாறிப் பிழைத்தார்கள், அதற்கு நன்றி! சிலையின் கையில் வண்டு ஏறியது 1949இல்தான். அந்தக் கடலை இன்றும் சாலையோரத்தில் உப்புப் போட்டு அவித்துச் சுடச்சுடக் கிடைக்கிறது. நம் ஊர் அவித்த கடலையேதான். வந்து இறங்கிய புதிதில் நாக்குக்கு அறிமுகமாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.

ஓசார்க் அளவில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்: பதினாலாயிரம் சொச்சம் பேர், டேல் கவுண்டியின் தலைநகர், அமைதியான பழைய ஊர். அமைதி வேண்டுமென்று வருகிறவருக்குச் சரி. வேலை தேடும் துணைக்கு இதைச் சொல்லமாட்டேன்.

அப்படித் தேடுகிறவர் டோத்தனைப் பாருங்கள். 71,000 பேர், இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள், அட்லாண்டாவுக்குப் பறக்க ஒரு சின்ன விமான நிலையம். முகாமுக்குக் காரில் அரைமணிக்கு மேல் ஆகும். அதிகாலைப் பயிற்சி இருக்கிறவர் முனகத்தான் செய்வார், முனகட்டும். நர்ஸ், ஆசிரியர் போன்ற உரிமத்தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொரு தெம்பு: ராணுவத்தினரின் துணைவர், சில நிபந்தனைகளோடு, வேறு மாநிலத்து உரிமத்தை இங்கேயே பயன்படுத்திக்கொள்ள 2023 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் வழிசெய்கிறது.

சொந்தமாக வாங்கலாமா என்று கேட்டால், மூன்று வருஷத்துக்குக் குறைந்த பணிக்கு வேண்டாம் என்பேன். வாடகை வீடென்றால், அடுத்த மாற்றல் உத்தரவைக் காட்டி ஒப்பந்தத்தை நடுவிலேயே முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வாங்கிய வீட்டை அப்படி உதறிவிட்டுப் போகமுடியாது.

ஹெலிகாப்டர் சத்தத்துக்கு மட்டும் எந்த ஊரிலும் தப்பிக்க வழியில்லை. ராத்திரிப் பயிற்சியும் உண்டு. பக்கத்து வீட்டார் முதல் நாளே “எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்பார்கள், வம்பில்லை, அக்கறை. வயதில் மூத்தவரிடம் “எஸ் மேம், எஸ் சார்” விட்டுப்போகக் கூடாது.

வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரிடம் சமையலறை அலமாரியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், டொர்னாடோ (சுழற்காற்று) சைரன் ஊதினால் எங்கே ஒதுங்குவது என்று கேளுங்கள். 2007 மார்ச் 1 அன்று என்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியில் எட்டு மாணவர்கள் டொர்னாடோவுக்குப் பலியானார்கள். மலிவு என்று டிரெய்லர் வீட்டைக் (இழுத்துவந்து நிறுத்தும் இலேசான வீடு) காட்டினால், பக்கத்தில் பாதுகாப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு அப்புறம் வாடகை பேசுங்கள்.