குதிரை ஆண்டுக்கான தினசரி நாட்காட்டியும் ஃபெங் சுய் கையேடும்

சிங்கப்பூர் சைனாடவுனில், மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும் தூரத்தில் உள்ள ஒரு சிறு கடையில், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பு 2026ஆம் ஆண்டுக்கான தினசரி நாட்காட்டி ஒன்றை வாங்கினேன். அதனுடன் சேர்த்து விற்ற, சீன வாஸ்து எனப்படும் ஃபெங் சுய் பற்றிய கையேடும் உட்பட விலை 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரே உறையில் வந்தாலும் இரண்டின் தரமும் ஒன்றல்ல. நாட்காட்டியைத் தயங்காமல் வாங்கலாம். கையேட்டை நம்பி வீட்டில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

முதலில் நாட்காட்டி. சீனர்களின் பஞ்சாங்கத்துக்கு 'தோங் ஷூ' என்று பெயர். 'ஷூ' என்ற ஒலி தோல்வியைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால், கன்டனீஸ் பேசுவோர் அதை 'வெற்றி' என்று பொருள்படும்படி மாற்றி 'துங் சிங்' என்கிறார்கள். அந்தப் பஞ்சாங்கத்தின் சாரம்தான் ஒவ்வொரு நாள் தாளிலும் சுருக்கி அச்சிடப்பட்டுள்ளது. செய்யத்தக்கவை ஒரு கட்டத்திலும் தவிர்க்க வேண்டியவை மற்றொரு கட்டத்திலும் இருக்கின்றன; திருமணம், கடை திறப்பு, புதுமனை புகுதல் ஆகியவற்றோடு முடி வெட்டுவதும் கட்டில் போடுவதும்கூட அவற்றில் இடம்பெறுகின்றன. எனக்குச் சீன எழுத்து படிக்கத் தெரியாததால், எங்கள் மாடியில் குடியிருக்கும் சீன ஆன்ட்டி பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

புத்தாண்டு நாளான பிப்ரவரி 17ஆம் தேதித் தாளை எடுத்துக்கொள்வோம். சீனக் கணக்கில் ஆண்டுகளைப் போலவே மாதங்களுக்கும் நாட்களுக்கும் பன்னிரண்டு விலங்குகளில் ஒன்று உண்டு. அன்று நாய்க்குரிய நாள் என்பதால், அதற்கு எதிரான டிராகன் ஆண்டில் பிறந்தவர்களுக்கு மோதல் என்றும், வடக்குத் திசை ஆகாது என்றும் போட்டிருக்கிறது. சந்திராஷ்டமமும் சூலமும் பார்த்துப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாட்களின் பெயர்கள், நம் வருடப் பெயர்களைப் போலவே, அறுபது கொண்ட சுழற்சியில் வருகின்றன. எனவே சரிபார்ப்பதற்காக அறுபது நாள் தள்ளி, ஏப்ரல் 18ஆம் தேதித் தாளைப் புரட்டினேன். அதே பெயர், அதே நாய், அதே டிராகன் மோதல். ஆனால் பிப்ரவரியில் 'நிறைவேறும் நாள்' என்றிருந்தது, ஏப்ரலில் 'உடையும் நாள்' என்று மாறியிருந்தது. இது அச்சுப்பிழை அன்று. 'நிறைவேறும்', 'உடையும்' என நாட்களுக்கு வரும் பன்னிரண்டு தன்மைகளும் சூரியனின் நகர்வைப் பின்பற்றும் மாதத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஏப்ரல் 18 விழும் டிராகன் மாதத்தில் அதற்கு எதிரான நாய் நாள் உடையும் நாளாகத்தான் வர வேண்டும். கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துப் பார்த்துத் தயாரித்த நாட்காட்டி இது என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் பிறந்தது.

கையேட்டில் அந்தக் கவனம் இல்லை. பிறந்த ஆண்டுக்குரிய விலங்கைக் காட்டும் அட்டவணை, ஜனவரி முதல் தேதியிலேயே விலங்கு மாறிவிடுவது போல அமைக்கப்பட்டிருக்கிறது. என் மனைவி 1985 ஜனவரியில் பிறந்தவர். அட்டவணைப்படி அவருக்கு எருது. ஆனால் அந்த ஆண்டின் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20ஆம் தேதிதான் வந்தது என்பதால், அவர் உண்மையில் எலி ஆண்டைச் சேர்ந்தவர். குதிரைக்கு நேர் எதிரான விலங்கு எலி. இந்த ஆண்டில் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர் என்று மரபு யாரைச் சொல்கிறதோ, அவரையே வேறு பக்கத்துக்கு அனுப்பி வைக்கிறது இந்தக் கையேடு. ஆண்டு பிறப்பதைப் புத்தாண்டு நாளில் கொள்வதா, பிப்ரவரி 4 வாக்கில் வரும் 'லிச்சுன்' நாளில் கொள்வதா என்பதில் ஜோதிடர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஜனவரியில் பிறந்தவர் விஷயத்தில், 'லிச்சுன்' கணக்கிலும் பழைய ஆண்டுதான். புத்தாண்டுத் தேதிகளை ஒரே பக்கத்தில் அச்சிட்டிருந்தால் போதும், இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

திசைப் பகுதி ஓரளவு பரவாயில்லை. இந்த ஆண்டு 'தாய் சுய்' எனப்படும் ஆண்டுத் தேவதையும் 'ஐந்தாம் மஞ்சள்' எனப்படும் தீய நட்சத்திரமும் ஒருசேரத் தெற்கில் இருப்பதால், அந்தப் பகுதியில் இடிப்பதையும் தோண்டுவதையும் தவிர்க்கும்படி கையேடு சொல்வது மரபுக்கு உகந்ததே. ஆனால் தெற்கை எப்படிக் கண்டறிவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வாசல் பார்த்த திசை வேறு, வீட்டின் நடுவிலிருந்து அளக்கும் தெற்குப் பகுதி வேறு. ஃபெங் சுய் வல்லுநர்களின் 'லுவோ பான்' திசைகாட்டி வட்டத்தை 15 பாகை வீதம் 24 பகுதிகளாகப் பிரிக்கிறது. நம் அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கதவருகே கைப்பேசியை நீட்டிப் பார்த்தால், அந்த இரும்பே திசையைப் புரட்டிவிடும். இதையெல்லாம் எழுத வேண்டிய கடைசி ஆறு பக்கங்களைத் தாயத்து, நாணய மாலை ஆகியவற்றின் விலைப்பட்டியலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பவரைப் பயமுறுத்திவிட்டு உடனே பொருளை நீட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். இது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் குழந்தைகளைப் பற்றிய மூடநம்பிக்கையால் 1966இல் ஜப்பானில் பிறப்புகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அந்த அச்சத்தை இந்தக் கையேடு எங்குமே கிளறவில்லை.

வாங்க நினைப்பவர்கள் டிசம்பரிலேயே வாங்கிவிடுங்கள். தாள்கள் ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகின்றன. பிப்ரவரியில் வாங்கியதால் ஒரு மாதத் தாள்கள் எனக்குப் பயன்படவில்லை. குதிரை ஆண்டோ 2027 பிப்ரவரி 5 வரை நீள்கிறது. அதன் கடைசி 36 நாட்களுக்கு அடுத்த நாட்காட்டிதான் வேண்டும்.